மேற்குச் சுவர் நத்தைகள்

நத்தைன்னாலே எனக்கு ஆகாது. இத மொதல்லயே சொல்லிருதேன். பெருமாள்ராஜுக்கு நத்தை மேல பாசம் பொங்கிட்டுன்னு எவனாவது சொன்னத நம்பிக்கிட்டு யாரும் பொறவு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. களக்காட்டு மெயின்ரோட்டுல சிமெண்டு, பெயிண்டு, ஆணி, பைப்பு விக்கிற கடை எனக்கு. வீடு அஞ்சு மைல் தள்ளி, மலையடிவாரத்துல, கிருபைக்குளத்துல. அங்கனயே முக்கா ஏக்கர் வாழை. அந்த வாழையில ஆப்பிரிக்கா நத்தை ஏறி, குருத்தையும் கன்னையும் ஒரே மழையில தின்னு தீத்த வருசம், வாளியில உப்புத் தண்ணியக் கலக்கி வச்சுக்கிட்டு விடியக்காலம் அஞ்சு மணிக்கே பெறக்கிப் பெறக்கிப் போட்டிருக்கேன். ஒரு நாளைக்கு ரெண்டு வாளி. கையில உள்ள கொழகொழப்பு போக புளியப் போட்டுத் தேய்க்கணும். எவ்வளவு தேச்சாலும் பொன்செல்வி, எம் பெஞ்சாதி, அந்தக் கையோட சோத்துப்பானைகிட்ட வரவிட மாட்டா.

என் வாழைக்கும் வேதக்காரங்க, அதான் கிறிஸ்தவங்க, கல்லறைத் தோட்டத்துக்கும் நடுவுல ஒரு சுவரு. அவுகளுக்கு அது மேற்குச் சுவரு. வெள்ளக்காரப் பாதிரி காலத்துல கல்லும் சிப்பிச் சுண்ணாம்பும் வச்சுக் கட்டுனது. ஆள் ஒசரம், ரெண்டடி கனம், அவுக பக்கம் நெடுக விரிசல். தோட்டத்து வாசல்ல ஒரு சின்ன ஓட்டு வீடு. கோயில்குட்டியார் வேதநாயகம் அதுல இருந்தாரு. கோயில் மணி அடிக்க, கோயிலப் பெருக்க, செத்தவுகளுக்குக் குழி வெட்ட, எல்லாத்துக்கும் அவர் ஒருத்தர்தான். வீடு சபையோடது. முப்பத்திரெண்டு வருசமா அவரும் அவரு பெஞ்சாதி சாலோமியும் அங்கனதான். ஒரே மக கிறிஸ்டியத் தூத்துக்குடியில கெட்டிக் குடுத்திருக்கு.

ரெண்டு வருசத்துக்கு முன்ன, கார்த்திகை மழையில, ஒரு பிள்ள அந்தச் சுவத்தடியில குப்புறப் படுத்துக் கிடந்தா. கையில டார்ச்சு. நான் வாழைக்குள்ள இருந்து எட்டிப் பாத்து, "என்னம்மா தேடுத, கம்மலா?"ன்னு கேட்டேன்.

"நத்தை சார்"ன்னா.

"எங்கிட்ட ரெண்டு வாளி நெறையக் கெடக்கு. எடுத்துக்கிட்டுப் போ."

அவ சிரிக்கல. எந்திரிச்சு உள்ளங்கையில ஒண்ண வச்சுக் காட்டுனா. கட்டவிரல் நகத்தளவுதான். தட்டையா, காப்பிக்கொட்ட நிறத்துல, ஓரமா ஒரு வெள்ளக் கோடு. "நீங்க பெறக்குறது வெளிய இருந்து வந்தது சார். இது இந்த மண்ணோடது. இந்த அடிவாரத்துல பதினோரு எடத்துல தேடிட்டேன். ஓடு கெடைச்சுது, உசுரோட ஒண்ணு கூடக் கெடைக்கல. இங்க மட்டுந்தான் இருக்கு"ன்னா. அவ பேரு சித்ரலேகா. பாளையங்கோட்டையில ஒரு காலேஜுல ஆராய்ச்சி பண்ணுதாளாம். நத்தைக்கு ஒரு நீளப் பேரு சொன்னா. எனக்கு வாயில நுழையல.

அந்நேரம் சாலோமி சாயாவோட வந்தா. வந்தவ, "இது ராத்திரி சுண்ணாம்பு திங்கும். சுவத்துக்கு வெள்ளையடிச்ச பொறவு வார மொத மழைக்குப் பாரு, கோலம் இழுத்த மாதிரி நெடுக நக்குன தடம் கெடக்கும்"ன்னா.

சித்ரலேகா சாயாவ வாங்கல. நோட்டத்தான் எடுத்தா. "இன்னொருக்கச் சொல்லுங்கம்மா. எத்தன வருசமாப் பாக்குதீங்க?"

"நான் கெட்டி வந்த வருசத்துல இருந்து."

"வெயில் காலத்துல எங்க போவும்?"

"எங்க போவும்? விரிசலுக்குள்ள போயி வாய மூடிக்கிட்டுத் தூங்கும். பால்ல படியுத ஏடு மாதிரி ஒண்ண இழுத்து மூடிக்கிடும்."

அந்தப் பிள்ள எல்லாத்தையும் எழுதுனா. ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேணும்லா, அதுக்குத்தான் இந்தச் சுவத்த விடாம இருக்குன்னா. சாலோமி பேனாவயே பாத்துக்கிட்டு நின்னா. பொறவு ஒரு நாள் எங்கிட்டச் சொன்னா: "அண்ணாச்சி, நான் சொல்லி ஒருத்தர் எழுதுனது அன்னைக்குத்தான் மொதத் தடவ. கோயில்ல என் பேரு கல்யாண ரிசிஸ்தர்ல மட்டுந்தான் இருக்கு."

போகும்போது சித்ரலேகா கட்டம் போட்ட ஒரு நோட்டக் குடுத்துட்டுப் போனா. தேதி, மழை, எண்ணிக்கை, குறிப்புன்னு நாலு கட்டம். எட்டாப்பு படிச்ச சாலோமி, மழைக் காலம் முழுக்க சனிக்கிழமை தவறாம எண்ணுனா. சுவத்தச் சாக்கட்டியால இருவது பாகமாப் பிரிச்சு, ஒவ்வொரு பாகமாக் குனிஞ்சு. போன மார்கழியில இருநூத்திப் பதினாலு. அத எங்கிட்ட வந்து சொன்னா. ரேசன் கார்டுல பிள்ள பேரு ஏறுன மாதிரி அப்படி ஒரு சிரிப்பு. "எனக்கு எதுக்குட்டி இந்தக் கணக்கு?"ன்னு நான் வெடுக்குன்னு சொல்லிட்டேன். அவ முகம் வாடவே இல்ல.

பிப்ரவரி கடைசியில கிறிஸ்டிக்குப் பேறுகாலம்னு சாலோமி தூத்துக்குடிக்குப் போனா. இங்க அந்நேரத்துல கிங்ஸ்லின்னு சென்னையில இருக்க ஒரு பெரிய மனுசன், அவுக அப்பா நெனைவா மேற்குச் சுவத்தப் புதுசாக்கித் தாரேன்னு சபையில சொல்லிருக்காரு. ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலம் சனம் முழுக்க மெழுகுவத்தியோட கல்லறைத் தோட்டத்துலதான் ஆராதனைக்குக் கூடும். அதுக்கு முன்ன எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடிக்கது வழக்கம். இந்த வருசம் சுவத்துக்கு பெயிண்டு. சுவத்துல பேரு வெட்டுன ஒரு பளிங்குக் கல்லு.

வேதநாயகம் எங்கடைக்குத்தான் வந்தாரு. இத நான் மறைக்க முடியாது.

"என்னவே, பழைய சுவத்துல நேரா பெயிண்டு அடிச்சா ஒரு வருசத்துல செதிலு செதிலா உரியும். மொதல்ல பட்டி பாக்கணும். விரிசலுக்குள்ள வெள்ளச் சிமெண்ட நல்லா ஆழமாத் தள்ளும். மேலாக்கப் பூசிட்டு வந்து பொறவு என்னியச் சொல்லப்பிடாது"ன்னேன். தள்ளுததுக்கு நானே ஒரு மூங்கிப் பத்தையச் சீவிக் குடுத்தேன்.

அவரு கொஞ்சம் தயங்குனாரு. "அண்ணாச்சி, அந்த நத்தை?"

"இப்ப இருக்கா?"

"ஒண்ணையுங் காணும். மழைக்கு மலையில இருந்து எறங்கி வரும், வெயிலுக்கு ஏறிப் போயிரும் போல."

"அப்படித்தான் இருக்கும்"ன்னேன். எனக்கு என்ன தெரியும்? வியாபாரம் நடக்குத நேரத்துல நத்தை எங்க போச்சுன்னா நெனைக்கத் தோணும்? சாலோமி விரிசலப் பத்திச் சொன்னப்ப நானும் அங்கனதான் நின்னேன். காதுல விழுந்துது, மண்டையில ஏறல. முப்பத்திரெண்டு வருசமா அவ பேச்சக் கேட்ட அந்த மனுசனுக்கும் அதே கதைதான்.

மத்தவன்னா மேலாக்கப் பூசிட்டுப் போயிருப்பான். வேதநாயகம் அப்படிப்பட்ட ஆளு இல்ல. குழி வெட்டுனாக்கூட மூலை நாலும் மட்டம் பாக்குத மனுசன். எட்டு நாளு, ஒவ்வொரு விரிசலா, கைமுட்டு அளவுக்கு உள்ள தள்ளி அடச்சாரு. மேல ரெண்டு கோட்டு பெயிண்டு. சாலோமி போன்ல பேசுனப்பவும் சுவத்தப் பத்தி அவரு சொல்லல. அவ வரும்போது பாத்து சந்தோசப்படணும்னு மனுசனுக்கு ஒரு ஆச.

குருத்தோலை ஞாயிறு மத்தியானம் அவ பஸ்ஸ விட்டு எறங்குனா. நான் இந்தப் பக்கம் வாழைக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு இருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டுது.

"வா வா. பேத்தி எப்படி இருக்கா? சுவத்தப் பாத்தியா?"

அவ செருப்புச் சத்தம் சுவத்தோரமா இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் போயித் திரும்புச்சு.

"கிறிஸ்டிப்பா, விரிசலெல்லாம் எங்க?"

"விரிசலா? ஒண்ணு கூடக் கெடையாது. தடவிப் பாரு, பலகை மாதிரி இருக்கும்."

"எல்லாத்தையுமா அடச்சீங்க?"

"எல்லாத்தையும். ஏன், என்ன?"

"அதுக்குள்ளதான தூங்குது."

"எது?"

"எதுன்னு கேக்குதீகளே"ன்னா. நான் எட்டிப் பாத்தேன். அப்படியே பக்கத்துல ஒரு கல்லறை மேல உக்காந்துட்டா. நான் கையில முட்டுக் கம்போட நின்னேன். எங்கடைச் சிமெண்டு, நான் சீவுன மூங்கிப் பத்தை. சத்தம் காட்டாம வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் சித்ரலேகாவுக்குப் போன் போட்டாச்சு. அவ வடக்க எங்கயோ ஒரு பயிற்சிக்குப் போயிருந்தா. சாலோமி விசயத்தச் சொன்னதும் அந்தப் பிள்ள மொதல்ல பூசி எத்தன நாளாச்சுன்னு கேட்டா. பொறவு, "எல்லாம் செத்திருக்காதும்மா. ஆழமா இருக்கது சிமெண்டுக்குப் பின்னால தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும். மாசக்கணக்குல தாங்கும். ஆனா மழை பெஞ்சு சுவரு ஈரமாச்சுன்னா முழிச்சிரும். முழிச்சா வெளிய வந்தாகணும். வழியில்லன்னா அவ்வளவுதான். மழைக்கு முன்ன தொறக்கணும். நான் சனிக்கிழமைதான் வர முடியும், மழை வராதில்ல?"ன்னா.

சாலோமி வாசல்ல நின்னு மேக்க மலையப் பாத்தா. உச்சியில மேகம் கட்டியிருந்துது. "வரும்"ன்னா.

அந்த வாரம் எனக்குக் கடையில இருப்புக் கொள்ளல. தெனமும் ரெண்டு மணிக்கு மேல மலைக்குப் பின்னால கருக்கும். காத்து நின்னுரும். ஒரு இடி உருளும். நாலு மணிக்குக் கலைஞ்சு வெயிலடிக்கும். ஆணி நிறுத்துக்கிட்டு இருந்தாலும் கண்ணு மலைக்குத்தான் போகும். சாலோமி சுவத்தோட நீளத்துக்கு நடப்பா, திரும்புவா, நடப்பா. அங்கங்க காத வச்சுக் கேப்பா. அதுல என்ன கேக்கும்? ரெண்டு மூணு எடத்துல உளிய வச்சுத் தட்டிப் பாத்தா. எல்லாம் கல்லு. மனுசன் பூசுன பூச்சுல விரிசல் இருந்த எடமே தெரியல.

செவ்வாக்கிழமை ஜாஸ்பர் வாத்தியாரு கடைக்கு வந்தாரு. சபைக் கமிட்டிச் செயலாளர் அவரு. நல்ல மனுசன், ஆனா எல்லாத்துக்கும் நேரம் காலம் பாப்பாரு. அவரு வந்தது தெரிஞ்சு சாலோமியும் பொறத்தாலயே வந்துட்டா.

"சார், சுவத்தக் கொஞ்சம் கொத்தணும். அடச்ச எடத்த மட்டும். ஒரு நாள் வேலை."

"அந்தப் பிள்ள எனக்கும் போன் பண்ணுச்சு சாலோமியக்கா. எனக்குப் புரியாம இல்ல. கிங்ஸ்லி அண்ணன் வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறுதாரு. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் கல்லத் தொறக்கணும். அதுக்கு மொத நாள் சுவத்துல ஓட்ட ஓட்டயா இருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்க? ஈஸ்டர் முடியட்டும். திங்கக்கிழமை நானே கொத்தனாரக் கூட்டியாறேன்."

"மழை திங்கக்கிழமை வரைக்கும் நிக்குமா சார்?"

"அது கர்த்தர் கையில இருக்கு."

"சுவரு நம்ம கையிலல்லா இருக்கு"ன்னா.

வாத்தியாரு என்னியப் பாத்தாரு. நான் தராசப் பாத்தேன். அவரு கொரலத் தாழ்த்தி, "அக்கா, கோயில்குட்டியாருக்கு மே மாசத்தோட வேலை முடியுது. வீட்ட உங்க ரெண்டு பேருக்கே விட்டுருவோம்னு நான்தான் கமிட்டியில பேசி வச்சிருக்கேன். நாலு பேரு கூடாதுங்கான். இந்நேரம் போயி அவனுவளுக்கு நீங்களே பிடி குடுத்துராதீங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்"ன்னாரு.

சாலோமி முந்தானையால முகத்தத் தொடச்சுக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தா.

பெரிய வியாழக்கிழமை வேதநாயகம் வந்து எங்கடைப் படியில உக்காந்தாரு. சாயா வாங்கிக் குடுத்தேன். கிளாஸக் கையில வச்சுக்கிட்டே இருந்தாரு.

"நாலு நாளா எங்கூடப் பேசல அண்ணாச்சி. சோத்த வைக்கா, போயிருதா. நான் என்ன தெரிஞ்சா செஞ்சேன்?"

"தெரியாமத்தான செஞ்சீரு. அத அவகிட்டச் சொல்லும்."

"சொன்னேன். 'தெரியாம அடச்சீங்க, சரி, இப்பத் தெரியும்லா'ங்கா. எனக்கு அறுவது வயசு. நெலம் இல்ல, நீச்சு இல்ல. மக வீட்டுல ஒரே ரூமு. அந்த ஓட்டு வீட்ட விட்டா எனக்கு எங்க போக்கு? நத்தைக்கு வீடு வேணும்ங்கா. எனக்கு வேண்டாமா? நீரு சொல்லும்."

"ஈஸ்டர் வரைக்கும் மழை வராதுவே"ன்னேன். நான் சொல்லி முடிக்கல, மலைக்குப் பின்னால இடி உருண்டுது. மனுசன் சாயாவக் குடிக்காமலே கிளாஸக் கீழ வச்சிட்டு எந்திரிச்சுப் போனாரு.

பெரிய வெள்ளிக்கிழமை. பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் கோயில்ல மும்மணி ஆராதனை. ஊரே உள்ள இருக்கும். கடைய அடச்சிட்டு நான் வாழையில நின்னேன். ஒரு மணிக்கே இருட்டிக்கிட்டு வந்துது. அன்னைக்கு மேகம் கலையுத மேகமா இல்ல. கோயில் ஒலிபெருக்கியில, சிலுவையில இயேசு சொன்ன ஏழு வார்த்தையும் ஒவ்வொண்ணா நடந்துது. அஞ்சாம் வார்த்தைக்குப் பாட்டு எடுக்கும்போது வெள்ளச் சேலையோட சாலோமி கோயில விட்டு எறங்கி வந்தா. வீட்டுக்குள்ள போயி சுத்தியலும் உளியுமா வந்து சுவத்துல அடிக்க ஆரம்பிச்சா.

நான் சுத்திப் போயி வாசல் வழியா உள்ள வந்தேன். அடிக்கா, கல்லு. தள்ளிப் போயி அடிக்கா, கல்லு.

"அண்ணாச்சி, உங்க கடைச் சிமெண்டுதான? எங்க போட்டுருக்குன்னு தெரியலையே"ன்னா.

அவ குத்திச் சொல்லல. நெசமாவே கேட்டா. அதுதான் எனக்குச் சுருக்குன்னுது. "கொண்டா இங்க"ன்னு உளிய வாங்குனேன். ஏழு எடத்துல தட்டி எட்டாவது எடத்துல சொத்துன்னு ஒரு சத்தம். கொத்துனேன். சிமெண்டு கட்டி பேந்து விழுந்துது. அதுல ஒட்டிக்கிட்டு அஞ்சு நத்தை. சிமெண்டு அதுக வாய்க்குள்ளயே போயி இறுகியிருந்துது. சாலோமி ஒவ்வொண்ணா எடுத்து முந்தானையில போட்டா. "ஒண்ணு. ரெண்டு. மூணு"ன்னு எண்ணிக்கிட்டே போட்டா. எனக்கு அவ எண்ணுததத் தாங்க முடியல. வாளி வாளியா உப்புத் தண்ணியில போட்டவன் நான். அன்னைக்கு அந்த அஞ்சப் பாக்க முடியல.

மூணு மணி அடிச்சுது. வேதநாயகந்தான் அடிச்சாரு. எப்பவும் போல நிதானமா, ஒண்ணு கூடக் கொறைக்காம. ஆராதனை முடிஞ்சு சனம் கஞ்சிக்கும் காணத்துவையலுக்கும் பந்தல்ல கூடுது. கொஞ்ச நேரத்துல அவரு வாரத நான் பாத்தேன். வெள்ளச் சட்ட, கையில குழி வெட்டுத கடப்பாரை. சரி, இன்னைக்குப் புருசன் பெஞ்சாதிக்குள்ள என்னமோ நடக்கப் போவுதுன்னு நான் நடுவுல போயி நின்னேன்.

அவரு என்னியப் பாக்கல. சாலோமி முந்தானையில கெடந்ததப் பாத்தாரு.

"அங்கன இல்லட்டி"ன்னாரு. "நீ கொத்துன எடத்துக்கு நாலு விரக்கடை கீழ பெருசு ஒண்ணு ஓடுது. சாக்கட்டி எங்க?"

அவ எடுத்துக் குடுத்தா. அந்தச் சுவத்தோட ஒரு கோடியில ஆரம்பிச்சு மறு கோடி வரைக்கும் நடந்து நடந்து குறி போட்டாரு. ஒரு எடத்துலயும் நின்னு யோசிக்கல. வெள்ளச் சுவத்துல வெள்ளச் சாக்கட்டி தெரியலன்னு பொறவு அடுப்புக் கரியக் கொண்டாந்து போட்டாரு. "மொத்தம் நாப்பத்தாறு. நான் அடச்சது எனக்குத் தெரியாதா"ன்னாரு.

சட்டையக் கழத்திக் கல்லறை மேல வச்சிட்டுக் கொத்த ஆரம்பிச்சாரு. நானும் கொத்துனேன். ஓங்கி அடிக்கக் கூடாதுன்னு சாலோமி பக்கத்துலயே நின்னு, "பைய, பைய"ன்னுக்கிட்டே இருந்தா. மூணாவது விரிசல்ல சிமெண்டு கட்டிக்குப் பின்னால ஒரு சாண் ஆழத்துல ஒண்ணு. அதச் சாலோமி விரல விட்டு எடுத்தா. வாயில அந்த ஏடு கிழியாம இருந்துது. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா. "இருக்கு"ன்னா. அப்படியே திருப்பி உள்ள வச்சா. கோட்டிக்காரன் மாதிரி நானும் "இருக்கு"ன்னு சொல்லிட்டு அடுத்ததக் கொத்தப் போனேன்.

ஜாஸ்பர் வாத்தியாரு கஞ்சிப் போணியோட வந்தாரு. பாத்ததும் அப்படியே நின்னாரு.

"வேதநாயகம், என்னவே இது? நிறுத்தும்."

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு சார்."

"ஒமக்காகத்தான்வே நான் வீடு வீடா ஏறி எறங்குனேன்."

"தெரியும் சார்"ன்னாரு வேதநாயகம். கை நிக்கல. "நீங்க நல்லதுதான் செஞ்சீங்க. நானும் நல்லதுன்னுதான் பூசுனேன்."

அப்பத்தான் மொதத் துளி விழுந்துது. பெரிய துளி, புளியங்கொட்டை மாதிரி. வேதநாயகம் கிங்ஸ்லியோட பளிங்குக் கல்லுகிட்டப் போயி நின்னாரு.

"அத மட்டும் தொடாதேயும்"ன்னாரு வாத்தியாரு.

"பெரிய விரிசலு இதுக்குப் பின்னாலதான் சார் இருக்கு"ன்னாரு. தோள்ல கெடந்த துண்டக் கல்லுக்கு அடியில குடுத்து, கடப்பாரைய ஓரத்துல வச்சு நெம்புனாரு. நான் தாங்கிக்கிட்டேன். ஒரு கீறல் விழல. பைய எறக்கி, துண்டச் சுத்தி, சுவத்தோரமா சாத்தி வச்சோம். வாத்தியாரு திரும்பிப் போனாரு. கஞ்சிப் போணி கல்லறை மேலயே இருந்துது.

மழை சடசடன்னு பிடிச்சுது. மழைக்குள்ளயே நின்னு மிச்சத்தக் கொத்தி முடிச்சோம். பொறவு செய்யதுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டு எறவாணத்துல நின்னு சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தோம். ஓட்டைக எல்லாம் கருப்பா இருந்துது, ஒண்ணும் அசையல. சாலோமி ஒரு எடத்துல நிக்கல. கொடையப் பிடிச்சுக்கிட்டுப் போறா, வாறா. அரை மணி நேரம் ஆயிருக்கும். பளிங்குக் கல்லு இருந்த எடத்துல இருந்து அவ சத்தம் கேட்டுது.

"கிறிஸ்டிப்பா, நோட்ட எடுத்துட்டு வாங்க."

ஓடிப் போயிப் பாத்தோம். ரெண்டு கொம்பு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துது. அவ்வளவுதான். சவத்த, இதுக்காடா இந்தப் பாடுன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. சொல்லல.

மறுநா சாயங்காலம் வரைக்கும் எண்ணுனா. சித்ரலேகாவும் மத்தியானம் வந்து சேந்துட்டா. ரெண்டு பேரும் தனித்தனியா எண்ணி ஒத்துப் பாத்தாங்க. உசுரோட எழுவத்தொண்ணு. மத்ததுல நாங்க கண்டெடுத்த ஓடு அறுவது சொச்சம். மிச்சம் எங்கன்னு யாருக்குந் தெரியாது. சித்ரலேகா கண்ணத் தொடச்சுக்கிட்டு, "குறிப்புல என்ன நடந்துதுன்னு எழுதணும்மா"ன்னா.

சாலோமி பேனாவப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா இருந்தா.

"எழுது. உள்ளத எழுது. அடச்சது வேதநாயகம்னு எழுது"ன்னாரு அவரு.

எழுதுனா. நான் ஓரமா நின்னேன். சும்மா நிக்க முடியல. "சிமெண்டு குடுத்தது பெருமாள்ராஜுன்னும் எழுது. ஆழமாத் தள்ளச் சொன்னதும் நான்தான்"ன்னேன். அதையும் எழுதுனா.

வேதநாயகம் குனிஞ்சு வாசிச்சாரு. "தொறந்தது?"ன்னாரு, மெதுவா.

"எழுவத்தொண்ணுதான் இருக்கு. மிச்சம் வரட்டும்"ன்னு நோட்ட மூடுனா.

ஈஸ்டர் ஆராதனை நடந்துது. நாப்பத்தாறு ஓட்டையும் விழுந்த சுவத்துக்கு முன்னால சனம் மெழுகுவத்தியோட நின்னுது. கிங்ஸ்லி ஒரு வார்த்த சொல்லல, போட்டோவக் கெழக்க பாத்து எடுத்துக்கிட்டாரு. கல்லு வேற எடத்துல, வாசல் தூண்ல ஏறிட்டு. சித்ரலேகா கடுதாசிக்கு மேல கடுதாசி குடுத்து, மேற்குச் சுவத்துக்கு இனிமே சுண்ணாம்புதான், விரிசலத் தொடக் கூடாதுன்னு கமிட்டியில எழுதி வாங்கிட்டா. அதுக்கு ஜாஸ்பர் வாத்தியாருதான் மொதக் கையெழுத்து. வீட்டுக்கு அவரால ஒண்ணும் செய்ய முடியல. அந்த நாலு பேரு எட்டுப் பேரு ஆயிட்டாங்களாம். மே முப்பத்தொண்ணாந் தேதி வேதநாயகம் கோயிலப் பெருக்கி, மணி அடிச்சு, சாவிய வாத்தியாரு கையில குடுத்தாரு. சாவி குடுக்கும்போது ரெண்டு பேரும் அழுதாங்கன்னு கேள்வி. நான் போகல. போனா நானும் அழுதிருப்பேன்.

இப்ப எங்கடைக்குப் பின்னால உள்ள ரூமுல இருக்காங்க. ஒரு சன்னல், மேல தகரம். மத்தியானம் உக்கார முடியாது. வேதநாயகம் கடையில ஆணி நிறுத்துப் போடுதாரு. ஒரு ஆணி கூடக் கொறைய மாட்டேங்கு, சனத்துக்கு அதுல ரொம்ப சந்தோசம். சாலோமி ராத்திரி எல்லாம் தூக்கம் வராம எந்திரிச்சு உக்காந்துக்கிடுதாளாம். முப்பத்திரெண்டு வருசம் பழகுன சுவரு பக்கத்துல இல்லன்னா எப்படித் தூக்கம் வரும்?

ஐப்பசி மழை தொடங்குன மொத சனிக்கிழமை ஏழு மணி பஸ்ஸுக்கே கிருபைக்குளம் வந்துட்டா. கல்லறைத் தோட்டத்து வாசல் பூட்டிக் கெடந்துது. புதுக் கோயில்குட்டியாருகிட்டச் சாவி கேக்க அவளுக்கு மனசு வரல. மழைன்னா அதுக சுவரேறி இந்தப் பக்கமும் எறங்கும்லா, என் வாழைக்குள்ள வந்து, சுவத்துக்கு இந்தப் பக்கம் நின்னு எண்ணுனா. வாழைச் சகதியில முழங்கால் வரைக்கும். சுவத்துல இருந்து பத்தடிக்கு நான் உப்பு போடுதத நிப்பாட்டி ஆறு மாசம் ஆவுது. அதுக்காக எனக்கு மூணு கன்னு போச்சு. அத யாரும் எழுத மாட்டாங்க.

"அண்ணாச்சி, இங்கன வாங்க"ன்னா.

போனேன். சுவத்துல கல்லு இடுக்குல கடுகு கொட்டுன மாதிரி இருந்துது. கண்ணக் கிட்டக் கொண்டு போயிப் பாத்தேன். கடுகு நவுந்துது. ஒவ்வொண்ணுலயும் ஓரமா அந்த வெள்ளக் கோடு. ஒரு முடியளவு.

"எத்தன இருக்கும்?"ன்னேன்.

"எண்ண முடியல"ன்னா. மழையில முகமெல்லாம் நனஞ்சிருந்துது. அழுதாளோ என்னமோ, எனக்குத் தெரியாது. "இந்த நோட்டக் கொஞ்சம் நனையாமப் பிடிங்க"ன்னா. வாழை எலைய ஒடிச்சு மேல பிடிச்சேன். அவ எழுதுனா. பெருசு அறுவத்தெட்டு. குறிப்புக் கட்டத்துல, 'குஞ்சு, எண்ண முடியல'ன்னு எழுதுனா. கொஞ்சம் நிறுத்துனா. அதுக்குக் கீழ, எடமில்லாத எடத்துல, நுணுக்கி நுணுக்கி, 'திறந்தது: வேதநாயகம்'னு எழுதுனா.

அத வாசிச்சிட்டு நான் எலையப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். நானும்தான் பதினெட்டு ஓட்ட கொத்துனேன். என் பேரு அந்த நோட்டுல சிமெண்டு குடுத்தவன்னு மட்டுந்தான் இருக்கு. கேக்கலாம்னு வாயெடுத்தேன். அவ நோட்ட மடிச்சு முந்தானைக்குள்ள வச்சிட்டு, "எட்டரை பஸ்ஸுக்குப் போயி அவுககிட்டச் சொல்லணும் அண்ணாச்சி"ன்னு வெரசா நடந்தா.